குதிரையின் உடம்பு எங்கே? கிரேக்கக் கோயில் சிற்பங்களைப் படம் வைத்துப் படிப்பது எப்படி

கலை வரலாறு படிக்கும் மாணவர்கள் சிலரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறேன். திரையில் ஒரு படம், அதைச் சுற்றிப் பேச்சு, அவ்வளவுதான் ஏற்பாடு. ஒருநாள் ஒரு குதிரைத் தலையின் படத்தைப் போட்டேன். கறுப்புப் பின்னணி, வெளிறிய பளிங்கு, விரிந்த மூக்குத் துளை, பிதுங்கிய கண், திறந்த வாய். வேறெதுவும் சொல்லாமல் "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டேன். போர்க்குதிரை, வலியில் கனைக்கிறது என்றார் ஒருவர். தலை உடைந்து தனியாக வந்திருக்கிறது, உடம்பு தொலைந்துபோயிருக்கும் என்றார் இன்னொருவர். கிரேக்கர்கள் வெள்ளையாகத்தான் செய்வார்கள், அந்த வெள்ளையில்தான் அழகே என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மூன்று பேரும் படத்தை உற்றுப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றும் தவறு. அந்தக் குதிரை ஏதென்ஸ் நகரின் பார்த்தெனான் கோயிலில், கிழக்குப் பக்கக் கூரைக்கடியில் உள்ள முக்கோண முகப்பின் வலது கோடி மூலையில் இருந்தது. நிலவின் தெய்வமான செலீனியின் தேரை இழுக்கும் குதிரை அது. இரவெல்லாம் வானத்தில் ஓடிக் களைத்து, விடியும் நேரத்தில் கடலுக்குள் இறங்குகிறது. அதன் உடம்பு தொலையவில்லை, செதுக்கப்படவே இல்லை. முகப்பின் தரைக்கல்தான் கடல் மட்டம். அதற்கு மேலே தெரியும் தலையும் கழுத்தும் போதும் என்று சிற்பி முடிவு செய்திருக்கிறார். தாடை அந்தத் தரைக்கல்லின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவருக்கு, குதிரை நம் பக்கமாகத் தலையைச் சாய்த்து மூச்சு வாங்குவது போல் இருந்திருக்கும்.

படத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? மூலை இல்லை, தரைக்கல் இல்லை, உயரம் இல்லை, பக்கத்தில் இருந்த உருவங்கள் இல்லை. கிரேக்கச் சிற்பம் பற்றி நாம் பேசுவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட படங்களைப் பற்றிய பேச்சுதான் என்று எனக்குப் படுகிறது. படம் வைத்துப் படிப்பதில் குற்றமே இல்லை, ஏதென்ஸுக்கும் லண்டனுக்கும் போய்வர எல்லோராலும் முடியாது. ஆனால் சிற்பத்தைப் பற்றிக் கேட்கும் முன்னால் படத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## முதல் கேள்வி: கட்டடத்தில் இது எங்கே இருந்தது?

வீட்டில் ஒரு படம் மாட்டப் போகிறோம் என்றால் முதலில் இடத்தைத்தான் பார்ப்போம். வாசல் நிலைக்கு மேலே என்றால் நீளவாக்கில் உள்ள படம், இரண்டு ஜன்னலுக்கு நடுவே என்றால் சதுரமான படம். கிரேக்கச் சிற்பிக்கும் அப்படித்தான்; இடம் முதலில், உருவம் அப்புறம்.

கிரேக்கக் கோயிலை மனதில் கட்டிப் பாருங்கள். நீள்சதுரமான ஒரு கருவறை, உள்ளே தெய்வத்தின் சிலை, வெளியே நான்கு பக்கமும் தூண் வரிசை. மேலே இரண்டு பக்கம் சரியும் ஓட்டுக்கூரை. சரிவான கூரை என்றால் குறுகிய பக்கம் இரண்டிலும் ஒரு முக்கோணம் உருவாகும். இதை *முக்கோண முகப்பு* என்று சொல்லிக்கொள்வோம். சிற்பங்களுக்கு முதல் இடம் இது.

முக்கோணத்துக்குக் கீழே, தூண்களின் மேல் கிடக்கும் உத்தரத்துக்கு மேலே, ஒரு பட்டை கட்டடத்தைச் சுற்றி ஓடும். டோரிக் என்ற கட்டட முறையில் இந்தப் பட்டை மாறி மாறி வரும்: மூன்று செங்குத்துக் கோடு போட்ட ஒரு கல், அப்புறம் ஏறக்குறையச் சதுரமான ஒரு பலகைக்கல், மறுபடி கோடு போட்ட கல். அந்தச் சதுரப் பலகைக்குப் பெயர் *மெடோப்*. இது இரண்டாவது இடம். அயோனிக் என்ற இன்னொரு முறையில் பட்டை இடைவெளியே இல்லாமல் ஒரே நாடாவாக ஓடும், அதுதான் *ஃப்ரீஸ்*. மூன்றாவது இடம்.

பார்த்தெனான் டோரிக் கோயில்தான், ஆனாலும் கருவறைச் சுவரின் உச்சியில் ஒரு ஃப்ரீஸையும் சுற்ற விட்டிருக்கிறார்கள். அதனால் மூன்று வகையும் ஒரே கட்டடத்தில் கிடைக்கின்றன. கி.மு. 447ல் தொடங்கிய வேலை, சிற்பங்களோடு சேர்த்து கி.மு. 432ல் முடிந்தது. கட்டடக் கலைஞர்கள் இக்டினோஸும் காலிக்ரட்டீஸும். சிற்ப வேலைக்குத் தலைமை ஃபீடியாஸ் என்று பழைய எழுத்துகள் சொல்கின்றன. மொத்தம் 92 மெடோப்கள், சுமார் 160 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட ஃப்ரீஸ், இரண்டு முகப்புகள்.

இடம் மாறினால் கதை சொல்லும் விதமும் மாறும். சதுரத்துக்குள் இரண்டு, மூன்று பேர்தான் அடங்குவார்கள், அதனால் மெடோப்பில் பெரும்பாலும் ஒரு சண்டை, அதிலும் ஒரு நொடி. பார்த்தெனானின் தெற்குப் பக்க மெடோப்களில் பாதி மனிதனும் பாதிக் குதிரையுமான சென்டார்களோடு லாபித் இனத்து வீரர்கள் மோதுகிறார்கள், பெரும்பாலும் ஒருவனுக்கு ஒருவன். நாடா போன்ற ஃப்ரீஸுக்கு நடந்துபோகிற கதை பொருந்தும், அதனால் அங்கே ஊர்வலம்.

*இதுவரை:* முக்கோண முகப்பு, மெடோப், ஃப்ரீஸ் என மூன்று இடம். படத்தைப் பார்த்ததும் இது எந்த இடத்துக் கல் என்று கேளுங்கள். உருவம் ஏன் இப்படி வளைந்திருக்கிறது, ஏன் படுத்திருக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

## மூலைக்குப் போகப் போக

முக்கோணம்தான் இருப்பதிலேயே தொல்லை பிடித்த வடிவம். நடுவில் உயரமான இடம், அங்கே தெய்வம் நிற்கலாம். ஓரத்துக்குப் போகப் போகக் கூரை தலையில் இடிக்கும். ஆளைச் சிறிதாக்கினால் பொம்மை போல் ஆகிவிடும். அதே அளவு ஆளாகவும் இருக்க வேண்டும், மூலைக்குள்ளும் அடங்க வேண்டும் என்றால் குனிய, மண்டியிட, உட்கார, படுக்க ஒரு காரணம் வேண்டும்.

ஈஜினா தீவின் அஃபையா கோயிலில் அந்தக் காரணம் போர். நடுவில் அதீனா தேவி, இரண்டு பக்கமும் மோதும் வீரர்கள், அப்புறம் மண்டியிட்ட வில்லாளிகள், கடைசி மூலையில் விழுந்து சாகும் வீரன். இந்தச் சிலைகள் இப்போது மியூனிக்கின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மேற்கு முகப்பில் விழுந்துகிடக்கும் வீரனையும் கிழக்கு முகப்பில் சாய்ந்துகிடக்கும் வீரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது வகுப்புகளில் வழக்கம். நானும் காட்டுகிறேன், காரணம் இருக்கிறது.

மேற்கு வீரன் மார்பில் பாய்ந்த ஆயுதத்தைப் பிடுங்குகிறான், ஆனால் முகத்தில் புன்னகை. உடம்பு நம்மைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டது போல் இருக்கிறது. கிழக்கு வீரன் கேடயத்தின் மேல் சரிகிறான், உடம்பு தன் பாரத்திலேயே முறுகித் தரையை நோக்கிப் போகிறது, முகம் கவிழ்கிறது. ஒரே கோயில், இரண்டுக்கும் இடையில் அதிகம் போனால் ஒரு தலைமுறைதான். அதற்குள் சிற்பிகள் உடம்பைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

இங்கே வழக்கமாக ஒரு தவறு நடக்கும். "சாகும்போதும் சிரிக்கிறான், மரணத்தை வென்ற வீரம்" என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிடுவார்கள். அந்தப் புன்னகை அந்தக் காலத்துச் சிற்பிகளின் பொது வழக்கம். கல்லறை இளைஞன், கன்னிப்பெண், சிங்க உடலும் பெண் தலையும் கொண்ட ஸ்பிங்க்ஸ் எல்லோருக்கும் அதே உதடு. *ஆர்க்கேயிக் புன்னகை* என்று இதற்குப் பெயர், ஆர்க்கேயிக் என்பது கி.மு. 480க்கு முந்தைய காலகட்டத்தைக் குறிக்கும் சொல். முகத்துக்கு உயிர் இருக்கிறது என்று காட்டும் ஒரு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கல்யாணக் குழுப்படத்தில் ஒரே ஒருவரை மட்டும் வெட்டியெடுத்துப் பாருங்கள். அவர் இடது பக்கம் திரும்பிச் சிரிக்கிறார், யாரைப் பார்த்து என்பது போய்விட்டது. முகப்புச் சிலைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுக்கும்போதும் இதுதான் நடக்கிறது. அதனால் தனிச்சிலையின் படத்தோடு முழு முகப்பின் ஒரு கோட்டுப்படத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சும்மா பென்சிலில் போட்ட முக்கோணமாக இருந்தாலும் போதும்.

## இரண்டாவது கேள்வி: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்குப் பட்டி பார்க்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். சுவர் சமமாக இருக்கிறதா என்று பார்க்க விளக்கைச் சுவருக்கு நேரே பிடிக்க மாட்டார்கள். சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிப்பார்கள். உடனே ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் விட்டு எழுந்து நிற்கும். விளக்கை நேரே கொண்டுவந்தால் அதே சுவர் கண்ணாடி மாதிரி தெரியும்.

*புடைப்புச் சிற்பம்* என்பது அந்தச் சுவர்தான். பின்னணிக் கல்லிலிருந்து முழுக்க விடுபடாமல், ஓரளவு மட்டும் மேலே எழும்பி நிற்கும் உருவம். எழும்பிய ஆழம் குறைவென்றால் தாழ்புடைப்பு, கை கால் எல்லாம் கல்லைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உயர்புடைப்பு. மெடோப்கள் உயர்புடைப்பு. தூண்களுக்கு வெளியே, வெயில் நேரடியாக விழும் இடத்தில் இருந்தவை, நல்ல நிழல் விழும், தூரத்திலிருந்தே தெரியும். நீட்டிக்கொண்டிருந்ததாலேயே நிறைய உடைந்தும் போயிருக்கின்றன.

ஃப்ரீஸ் இதற்கு நேர்மாறு. மொத்தமே சில சென்டிமீட்டர் ஆழம். அந்த அளவுக்குள் ஒரு குதிரைக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று அடுக்கியிருக்கிறார்கள், கால்களை எண்ண ஆரம்பித்தால் கணக்குத் தவறும். இது இருந்த இடமோ வெயில் நேரடியாகப் படாத உள்சுவர், தலைக்கு மேலே மண்டபக் கூரை. வெளிச்சம் பெரும்பாலும் கீழேயுள்ள பளிங்குத் தரையிலும் தூண்களிலும் பட்டுத் திரும்பி வரும். இதை நினைத்துத்தானோ என்னவோ, மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிடச் சற்று ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள், உருவங்களின் தலைப்பக்கம் பார்ப்பவரை நோக்கி லேசாகச் சாய்ந்தது போல் இருக்கும்.

இப்போது அருங்காட்சியகப் படத்தை எடுங்கள். மேலேயிருந்து ஒரு விளக்கு, அல்லது ஒரு பக்கத்திலிருந்து ஸ்டுடியோ விளக்கு. குதிரையின் நரம்பு, துணியின் மடிப்பு எல்லாம் கூர்மையாக வந்துவிடும். அழகான படம், வேலைப்பாட்டைப் படிக்க உதவும் படம். ஆனால் அந்தக் காலத்தில் யாரும் அதை அந்த வெளிச்சத்தில் பார்த்ததில்லை. ஒரே கல்லின் இரண்டு படங்களைத் தேடி எடுத்து நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். "இது வேறு கல்லோ?" என்று கட்டாயம் ஒருவராவது கேட்பார்.

*இதுவரை:* புடைப்பின் ஆழத்தையும் வெளிச்சத்தின் திசையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். படத்தில் தெரியும் நிழல் புகைப்படக்காரர் போட்டது.

## மூன்றாவது கேள்வி: பார்ப்பவர் எங்கே நின்றார்?

மொட்டைமாடியில் நிற்பவரைத் தெருவிலிருந்து படம் எடுத்தால் தாடையும் மூக்குத் துளையும் பெரிதாகத் தெரியும், நெற்றி மறைந்துவிடும். அதே ஆளை எதிர்மாடியிலிருந்து எடுத்தால் வேறு முகம். பார்த்தெனான் ஃப்ரீஸ் தரையிலிருந்து ஏறக்குறைய 12 மீட்டர் உயரத்தில், தூண் வரிசைக்கு உள்ளே இருந்தது. வெளியே நின்றால் தூண்கள் மறைக்கும், நகர நகரத் துண்டு துண்டாகத் தெரியும். உள்ளே போய் நின்றால் கழுத்து வலிக்கும் கோணம்.

எனக்கு எப்போதும் வியப்பு தரும் ஒரு செய்தி இங்கே உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுக்கச் சுற்றி எழுதிய பவுசானியஸ் பார்த்தெனானுக்கும் வந்தார். முன் முகப்பில் அதீனாவின் பிறப்பு, பின் முகப்பில் அதீனாவும் கடல் தெய்வம் பொசைடனும் நிலத்துக்குப் போட்டியிடும் காட்சி என்று எழுதினார். உள்ளே பொன்னும் தந்தமும் பதித்த பிரம்மாண்டமான அதீனா சிலையை விவரமாக எழுதினார். ஃப்ரீஸைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்று பார்த்தெனான் என்றாலே எந்தப் படத்தைக் காட்டுகிறோமோ, அதை நேரில் பார்த்த அந்த எழுத்தாளர் குறிப்பிடவேயில்லை. நம் கண்மட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தவை அருங்காட்சியகங்களும் கேமராவும்தான்.

கண்மட்டத்துக்கு வந்ததோடு திசையும் மாறியிருக்கிறது. ஃப்ரீஸ் சுவரின் வெளிப்பக்கம் இருந்தது. கோயிலைச் சுற்றி நடப்பவர் அதோடு நடப்பார். ஊர்வலம் தென்மேற்கு மூலையில் தொடங்கி இரண்டாகப் பிரிந்து, ஒரு வரிசை மேற்கும் வடக்குமாக, இன்னொன்று தெற்குப் பக்கமாகப் போய் கிழக்கில், வாசலுக்கு மேலே கூடுகிறது. அதீனாவுக்கு எடுக்கும் பானதெனாயா திருவிழா ஊர்வலம் என்பது பலரும் ஏற்கும் கருத்து, மறுப்பவர்களும் இருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 75 மீட்டர் ஃப்ரீஸ் இருக்கிறது. அங்கே அது ஒரு நீள அறையின் உட்சுவர்களில், உள்நோக்கி மாட்டப்பட்டிருக்கிறது. சட்டையை உள்வெளியாகத் திருப்பியது போல. நடுவில் நின்றால் ஊர்வலம் நம்மைச் சூழ்ந்துகொள்ளும், அந்த அனுபவம் மூலக் கோயிலில் யாருக்கும் கிடைத்திருக்காது. 2009ல் திறந்த ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில், கோயிலின் திசையிலேயே கட்டிய மேல்தளத்தில் வெளிநோக்கி வைத்திருக்கிறார்கள், உயரம் மட்டும் குறைவு. படத்தில் பின்னணிச் சுவரைப் பார்த்தே இது எந்த ஊர் என்று சொல்லப் பழகிக்கொள்ளலாம்.

ஹைன்ரிக் வோல்ஃப்லின் என்ற கலை வரலாற்றாசிரியர் 1896லேயே இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். சிற்பத்துக்குச் சிற்பி நினைத்த ஒரு முதன்மைக் கோணம் உண்டு, புகைப்படக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று எடுத்து அதைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். தனிச்சிலைகளுக்கு அதை முழுதாக ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. கோயில் சிற்பத்துக்கு மட்டும் அவர் சொன்னது பெரிதும் பொருந்தும், ஏனென்றால் முகப்புச் சிலையின் பின்னால் போய் நிற்க வழியே இல்லை. அப்படியிருந்தும் பார்த்தெனான் முகப்புச் சிலைகளின் முதுகுப் பக்கத்தைக்கூட முழுசாகச் செதுக்கி முடித்திருக்கிறார்கள். அந்த முதுகின் படத்தைக் காட்டும்போது, சிலைகளை மேலே ஏற்றி வைத்த நாளிலிருந்து கீழே வந்த நாள்வரை தரையில் நின்ற எவருக்கும் இது தெரிந்ததில்லை என்று கட்டாயம் சொல்லிவிடுவேன்.

## நான்காவது கேள்வி: இந்த வெள்ளை யாருடையது?

பளிங்கு வெள்ளைதான், சிற்பம் வெள்ளையாக இருக்கவில்லை. தலைமுடி, கண், உதடு, உடையின் கரை, பின்னணி என்று வண்ணம் பூசினார்கள். ஃப்ரீஸ் குதிரைகளின் வாயருகே சிறு சிறு துளைகள் இருப்பதை நெருக்கமான படத்தில் பார்க்கலாம். அங்கே வெண்கலத்தில் கடிவாளம் பொருத்தியிருந்தார்கள். குதிரைக்காரனின் கை காற்றைப் பிடித்திருப்பது போல் இன்று தெரிவதற்கு இதுவே காரணம், பிடித்திருந்த உலோகம் போய்விட்டது.

வண்ணம் பெரும்பாலும் மழையிலும் வெயிலிலும் மண்ணிலும் போனது. மிச்சத்தில் கொஞ்சத்தை மனிதர்கள் சுரண்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் கிரேக்க அழகைப் புகழ்ந்து ஐரோப்பாவையே மயக்கிய வின்கல்மன் என்ற ஜெர்மானியக் கலை அறிஞர் கிரேக்கத்துக்குப் போனதே இல்லை. ரோமில் இருந்த பளிங்குச் சிலைகளைப் பார்த்துத்தான் எழுதினார், அவற்றில் பல ரோமானியப் பிரதிகள். வெள்ளைதான் தூய்மை என்ற எண்ணம் அப்படி வேரூன்றியது. அது எவ்வளவு தூரம் போனதென்றால், 1937-38ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் புதிய அறை கட்டப் பணம் கொடுத்த டூவீன் பிரபு இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று விரும்ப, வேலையாட்கள் சில சிற்பங்களின் மேற்பரப்பைச் செப்புக் கருவிகளால் சுரண்டினார்கள். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2,300 ஆண்டுக்கு மேல் அந்தக் கல்லில் படிந்திருந்த தோல் அது.

கண்ணுக்குத் தெரியாத வண்ணத்தைக் கேமரா கண்டுபிடித்ததும் நடந்திருக்கிறது. எகிப்திய நீலம் என்ற பழைய நிறமியின் மேல் சாதாரண வெளிச்சம் பட்டால் அது அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும். அதைப் பதிவு செய்யும் கேமராவில் நீலம் இருந்த இடமெல்லாம் பளிச்சென்று ஒளிரும். 2009ல் இந்த முறையில் பார்த்தெனான் சிற்பங்களில் நீலம் இருந்தது உறுதியானது, ஐரிஸ் தேவதையின் இடைக்கச்சையில் உட்பட.

ஈஜினா வில்லாளிக்குப் பளபளக்கும் கட்டம் போட்ட உடை அணிவித்த மறுவடிவத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். தொல்லியலாளர் வின்சென்ஸ் பிரிங்க்மன் குழுவினர் செய்தது, 2003ல் மியூனிக்கில் தொடங்கிய கண்காட்சியில் புகழ்பெற்றது. கோலத்துக்கான சுவடு கல்லில் இருக்கிறது, ஆனால் சாயத்தின் அடர்த்தி, நிழல், மேல்பூச்சு எப்படி இருந்தது என்பதில் ஊகமும் கலந்திருக்கிறது. வெள்ளைப் படத்துக்குப் பக்கத்தில் இதையும் வையுங்கள், இரண்டில் எதையும் முடிந்த முடிவாக வைக்காதீர்கள்.

## ஐந்தாவது கேள்வி: இதில் எவ்வளவு பழையது?

மியூனிக் சிலைகளையே எடுத்துக்கொள்வோம். 1811ல் தோண்டி எடுத்தார்கள், பவேரிய இளவரசர் லுட்விக் வாங்கினார், டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் ரோமில் வைத்து உடைந்த கை, கால், தலைகளுக்குப் புதுப் பளிங்கில் ஒட்டுப்போட்டார். 1960களில் அந்த ஒட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். ஆக, ஒரே சிலைக்கு முழு ஆளாக ஒரு பழைய படமும் கையில்லாமல் ஒரு புதிய படமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வகுப்பில் ஒருவர் இதையும் இன்னொருவர் அதையும் கொண்டுவந்தால் சண்டைதான்.

பார்த்தெனானின் கதை இன்னும் சிக்கல். 1687 செப்டம்பரில் வெனிஸ் படை ஏதென்ஸை முற்றுகையிட்டபோது, ஓட்டோமான்கள் கோயிலுக்குள் சேமித்து வைத்திருந்த வெடிமருந்தில் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. அதற்கு 13 ஆண்டு முன்னால், 1674ல், ஒரு பிரெஞ்சுத் தூதரோடு வந்த ஓவியர் (ஜாக் கேரி என்பார்கள்) சிற்பங்களைக் கோட்டோவியங்களாக வரைந்து வைத்திருந்தார். இன்று இல்லாத பல சிற்பங்களுக்கு அந்த ஓவியங்களே சாட்சி. 1801 முதல், பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் கழற்றி எடுத்தவை 1816ல் பிரிட்டிஷ் அரசுக்கு விற்கப்பட்டு, பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. தெற்கு மெடோப் ஒன்றின் உடல்கள் லண்டனில், அதே மெடோப்பின் இரண்டு தலைகள் கோபன்ஹேகனில். படத்தில் தலையோடு முழுசாக இருந்தால் அங்கே பிளாஸ்டர் வார்ப்பு ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

*வார்ப்பு* என்பது மூலச் சிற்பத்தில் அச்செடுத்து சுண்ணக்கலவையில் ஊற்றிய நகல். நான் ஒருமுறை ஒரு வார்ப்பின் படத்தை வைத்து "பளிங்கின் மேற்பரப்பைப் பாருங்கள்" என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். படத்தின் கீழே சிறு எழுத்தில் வார்ப்பு என்று இருந்ததை ஒரு மாணவிதான் காட்டினார். அன்றிலிருந்து விளக்கக் குறிப்பைப் படிக்காமல் எந்தப் படத்தையும் திரையில் போடுவதில்லை. இணையத்தில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பார்த்தெனானின் முழு அளவு நகல் ஒன்று நிற்கிறது, முகப்புச் சிற்பங்களோடு. கான்கிரீட் கட்டடம். ஒன்றும் உடையாமல், மூக்கு எல்லாம் சரியாக இருக்கும் முகப்புப் படம் கிடைத்துவிட்டதே என்று மகிழும் முன் ஊர் பெயரைப் பாருங்கள்.

இத்தனை சேதத்துக்குப் பிறகும் கோயில் சிற்பத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. கிரேக்கர்களின் புகழ்பெற்ற தனிச்சிலைகள் பலவும் வெண்கலம், உருக்கப்பட்டுவிட்டன, ரோமானியப் பிரதி வழியாகத்தான் தெரியும். கோயில் சிற்பமோ மூலக்கல். பார்த்தெனானுக்குக் கட்டுமானக் கணக்குகூட கல்லில் வெட்டிய துண்டுகளாகக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் காலக்கணக்கில் ஆய்வாளர்கள் இவற்றைப் பிடிமானமாக வைத்துக்கொள்கிறார்கள்.

*இதுவரை:* இடம், வெளிச்சம், பார்ப்பவர் நின்ற தூரம், வண்ணம், சேதமும் ஒட்டும். ஐந்தையும் கேட்ட பிறகு சிற்பத்துக்கு வருவோம்.

## ஒரு படத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்

ஒலிம்பியாவின் ஜியூஸ் கோயில் கி.மு. 457ஐ ஒட்டி முடிந்தது. கிரேக்கக் கதைகளின் பலசாலி வீரன் ஹெராக்ளிஸ் செய்த 12 அரும்பணிகளுக்கு 12 மெடோப்கள், முன் மண்டபத்தில் 6, பின் மண்டபத்தில் 6, தூண் வரிசைக்கு உள்ளே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அவற்றில் ஒன்றின் படத்தைப் போடுகிறேன். மூன்று பேர் நிற்கிறார்கள். நடுவில் ஹெராக்ளிஸ், பக்கவாட்டுத் தோற்றம், இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார், தோள்மேல் மடித்த ஒரு மெத்தை. வலப்புறம் அட்லஸ், கை நிறைய ஆப்பிள்களை நீட்டிக்கொண்டு வருகிறார். இடப்புறம் அதீனா, நேராக நிற்கிறாள், உடையின் மடிப்பு தூணின் வரிகள் போலச் செங்குத்தாக விழுகிறது. அவள் ஒரு கையை மட்டும் லேசாக மேலே தூக்கியிருக்கிறாள்.

கதை தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்: வானத்தைத் தாங்குவது அட்லஸின் வேலை. பொன் ஆப்பிள்களைக் கொண்டுவர அவர் போயிருந்த நேரத்தில் ஹெராக்ளிஸ் தாங்குகிறார். பாரம் அழுத்தாமல் இருக்கத்தான் மெத்தை. உலகத்தின் பலசாலி இரண்டு கையாலும் முதுகாலும் முக்கிக்கொண்டிருக்க, அதீனா ஒரு கையால் உதவுகிறாள், முகத்தில் சிரமத்தின் சாயலே இல்லை. தெய்வத்துக்கும் வீரனுக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கல்லை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன மாதம் இந்தப் படத்தைப் போட்டபோது எப்போதும் பேசாத ஒரு மாணவர் கேட்டார்: "சார், அப்போ வானம் எங்கே?" எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் எடுத்துவந்த படத்தில் மேல்விளிம்பு வெட்டப்பட்டிருந்தது, மெத்தைக்குச் சற்று மேலேயே படம் முடிந்துவிட்டது. வேறொரு படம் தேடி எடுத்தோம், பலகை முழுசாகத் தெரியும் படம். அதிலும் வானம் இல்லை, சிற்பி அதைச் செதுக்கவேயில்லை. மெத்தைக்கு மேலே கல்லின் விளிம்பு, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மாணவரே எழுந்து கரும்பலகைக்குப் போய், ஒரு சதுரம் வரைந்து, அதற்கு மேலே கட்டடத்தின் கற்களையும் உத்தரத்தையும் கூரையையும் ஒவ்வொரு கோடாகப் போட ஆரம்பித்தார். கூரை முடிந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, ஹெராக்ளிஸின் தோளுக்கு மேலே தான் போட்டு வைத்திருந்த அத்தனை கல்லையும் பார்த்துக்கொண்டு நின்றார்.